எல்லாத் திருக்கையும் குட்டி போடுவதில்லை

திருக்கை மீன்கள் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் திருக்கைகள் எல்லாமே குட்டி போடும் என்று ஒரு வரி வருகிறது, அதை மட்டும் திருத்துங்கள். எங்கள் வேலூர் மீன் மார்க்கெட்டுக்கு லாரி ஏறி வரும் வால்முள் திருக்கை குட்டி போடுவதுதான். அதன் உறவான ஸ்கேட் (skate) என்னும் திருக்கை இனங்கள் முட்டையிடும். ஸ்கேட்டின் வாலில் விஷமுள் கிடையாது. நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிய, தோல் பை போன்ற கூட்டுக்குள் குஞ்சு வளரும்.

இதில் என்னை அசத்தியது பசிபிக் வெள்ளை ஸ்கேட். 2015இல் பசிபிக் கடலின் காலபகோஸ் தீவுகளுக்கு வடக்கே, சுமார் 1,660 மீட்டர் ஆழத்தில், ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று 157 முட்டைக் கூடுகளைப் படம் பிடித்தது. பாதிக்கு மேல் கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து 20 மீட்டருக்குள் கிடந்தன. சுற்றிலும் தண்ணீர் 3 டிகிரிகூட இல்லை. அந்தக் குளிரில் முட்டை பொரிய வருடக்கணக்கில் ஆகும். அதனால் பூமியின் சூட்டையே அடைகாக்கப் பயன்படுத்துகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கத்திரி வெயிலில் வேகும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது சிலிர்க்கிறது!

அப்புறம், இழுவலை ஆபத்து பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமெய்தி, கொஞ்சமாக முட்டையிடும் மீன் இந்த ஸ்கேட். அடிமட்டத்தை வாரும் வலை முட்டையிடும் இடத்தில் ஒருமுறை போனாலே பல வருட முட்டைகள் மொத்தமாக அழிந்துவிடும். அடுத்த கட்டுரையில் இதை விரிவாக எழுதுங்கள்.