எத்தனை பாடம் கூடவே வரும்?

என் அண்ணன் மகள் எந்த வளாகத்தில் சேரப் போகிறாள் என்பதுதான் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் உறவு வட்டத்தின் இப்போதைய பேச்சு. கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு பொருளாதாரம் படித்தவள், மூன்றாம் ஆண்டுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறாள். அதற்குப் பத்து வளாகங்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் இளநிலைப் படிப்பு இல்லாததால் இவளைப் போன்றவர்களுக்கு ஒன்பதுதான். இரண்டு இடங்களிலிருந்து அனுமதி வந்திருக்கிறது: கடலோரத்தில் உள்ள பெயர் பெற்ற ஒரு வளாகம், மற்றொன்று டேவிஸ். உறவினர் எல்லோரும் முன்னதைச் சொல்கிறார்கள். நான் மட்டும் டேவிஸ் என்கிறேன்.

நான் பட்டவள் என்பதால் சொல்கிறேன். முதலாண்டுப் பட்டப்படிப்பைப் பாலக்காட்டுப் பக்கம் முடித்துவிட்டு, வீட்டுச் சூழல் காரணமாகக் கோவைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு மாறினேன். முன்பு படித்தது புதிய இடத்துப் படிப்புக்கு ஈடானது என்று காட்டும் ஈக்விவலன்சி சான்றிதழுக்கு அலைந்ததுகூடப் பெரிதில்லை. நான் தேர்ச்சி பெற்ற தாள்களில் பாதி அங்கே எந்தத் தாளுக்கும் ஈடாகவில்லை என்று சொல்லி, மறுபடியும் முதலாண்டிலேயே உட்கார வைத்தார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனக்கு ஆனது ஓராண்டு. அந்தக் கல்லூரியின் பெயரைக் கேட்டு அன்று வியந்தவர்கள் யாரும் அந்த ஆண்டின் கட்டணத்தைக் கட்டவில்லை.

இவள் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமையானது. வெளிநாட்டு மாணவர்கள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டிய கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். இளநிலைப் படிப்புக்கு அந்தத் தொகை எல்லா வளாகங்களுக்கும் ஒன்றுதான். ஆகவே செலவு பெரிதும் வேறுபடுவது வாடகையிலும், பட்டம் முடிக்க எத்தனை பருவம் ஆகும் என்பதிலும்தான். பெர்க்லியும் மெர்செட்டும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன, மற்ற ஏழும் குவார்ட்டர் முறையில். (நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பது தெரியும், அங்கே அது சுமார் பத்து வாரப் பருவம்.) சமுதாயக் கல்லூரியிலிருந்து அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) கணக்கில் சேரும் என்பதைக் கேட்டு அண்ணன் நிம்மதியடைந்துவிட்டார். ஆனால் யூனிட்டாக எண்ணப்படுவது வேறு, முதன்மைப் பாடத்தின் தேவையை நிறைவு செய்வது வேறு. எந்தச் சமுதாயக் கல்லூரிப் பாடம் எந்த வளாகப் பாடத்துக்கு ஈடாகும் என்று காட்டும் அசிஸ்ட் என்ற இணையதளத்தில் அவளுடைய கல்லூரிப் பாடங்களை இரு வளாகங்களோடும் நானும் அவளும் ஒப்பிட்டுப் பார்த்தோம். டேவிஸுக்கு எல்லாம் பொருந்துகின்றன. கடலோர வளாகத்தில் மூன்று பாடங்கள் பொருந்தாமல் நிற்கின்றன. ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற வரிசையில் அந்த மூன்றும் வருவதால், ஒரு குவார்ட்டராவது நீளும்.

பெரும்பாலோர் பார்க்கத் தவறும் இன்னொன்று, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்புக்கு இடப்படும் குறியீடு. பொதுப் பொருளாதாரத்துக்கு 45.0601, கணித, புள்ளியியல் முறைகள் சார்ந்த பொருளாதாரத்துக்கு (எக்கனாமெட்ரிக்ஸ்) 45.0603. பின்னது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உண்டு, முன்னது இல்லை. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 12 மாதப் பணிப் பயிற்சி அனுமதியை மேலும் 24 மாதம் நீட்டிக்க முடியுமா என்பதை இந்தக் குறியீடுதான் முடிவு செய்கிறது. ஆகையால் துறையின் பெயரோடு நிற்காமல், இரண்டு இடங்களிலும் எந்தக் குறியீடு என்று எழுதிக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு மாறப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்யும் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன. செப்டம்பரில் ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டுமே அதைக் கேட்க முடியும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ ஆகிய மூன்றும் இதில் சேரவில்லை.

டேவிஸைப் பற்றி அண்ணிக்கு ஒரே மனக்குறை. சுற்றிலும் வயலும் வெயிலும் சைக்கிளுமாக இருக்கும் ஊரின் படங்களைப் பார்த்துவிட்டு, "சித்தூர் தாலுக்காவை விட்டு இன்னொரு சித்தூர் தாலுக்காவுக்கா போகிறாள்?" என்கிறார். வேளாண் கல்விக்கென்று தொடங்கப்பட்ட வளாகம் வயல் நடுவே இருப்பதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் அவளுடைய செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அமெரிக்க அரசின் பதிவு) ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் மாற்றி அனுப்புவார்கள். நேற்று இரவு அழைத்தாள். "அத்தை, அந்த மூன்று பாடங்களின் சிலபஸையும் கடலோர வளாகத்துக்கு அனுப்பி, மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்" என்றாள். இரண்டாவது பாடம் மட்டுமாவது பொருந்திவிட்டால் என் கணக்கும் மாறும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.