நிலையான பதிப்புகளில் புதிய வன்பொருள் இயங்காது என்பது உண்மையா?

"நிலையான லினக்ஸ் பதிப்பு வெளியான நாளோடு அதன் வன்பொருள் ஆதரவு உறைந்துவிடுகிறது, பின்னர் வந்த கருவியை வாங்கினால் இயங்குதளத்தையே மாற்ற வேண்டும்" என்ற கூற்று பரவி வருகிறது. அது தவறானது.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 4.0 பதிப்பு 2007 ஏப்ரலில் 2.6.18 கெர்னலுடன் (வன்பொருளைக் கையாளும், இயங்குதளத்தின் மையப் பகுதி) வெளியானது. புதிய கணினிகளிலும் அதை நிறுவ வழிசெய்யும் பொருட்டு, 2008 ஜூலையில் 2.6.24 கெர்னல் கூடுதல் தெரிவாக அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது. பழைய கெர்னலில் நிம்மதியாக இருந்தவர்கள் எவரும் மாறும்படி கட்டாயப்படுத்தப்படவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் 22.04 பதிப்பும் 5.15 கெர்னலுடன் தொடங்கி, வன்பொருள் ஆதரவுக்கான தனித் தொகுப்பின் வழியே 6.8 வரை பெற்றது.

நிறுவனங்களுக்கான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 பின்பற்றிய வழி வேறு. அதன் கெர்னல் எண் தொடர்ந்து 4.18 என்றே இருந்தாலும், புதிய கெர்னல்களில் எழுதப்பட்ட இயக்கிகள் (கருவிகளை இயங்கச் செய்யும் நிரல்கள்) பின்னோக்கிக் கொண்டுவரப்பட்டு அதில் இணைக்கப்பட்டன. எண்ணை மட்டும் பார்த்து ஆதரவில்லை என முடிவு செய்வதே இத்தவறான கூற்றுக்கு வேர் என்று கருதுகிறேன்.

லினக்ஸின் நிலையான கெர்னல் கிளைகளுக்கான விதிகளும் புதிய கருவி அடையாள எண்களைச் சேர்க்க அனுமதிக்கின்றன. ஏற்கெனவே ஆதரவுள்ள சில்லு வேறு அடையாள எண்ணுடன் வந்தால், பெரும்பாலும் அதன் இயக்கியில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.

கூற்றில் ஒரு பகுதி உண்மை உண்டு. முற்றிலும் புதிய வரைகலை அட்டைக்குக் கெர்னல் மட்டும் போதாது. உரிய நிலைபொருளும் (அட்டைக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்), வரைகலைக்கான மேசா நிரல் நூலகத்தின் புதிய பதிப்பும் தேவைப்படலாம்.