ஆஃபும் அப்பும் படுத்தற பாடு

திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைக் கவனிச்சுக்கற வேலைங்க. நூலு, சாயம், தையல் எதைக் கேட்டாலும் சொல்லிப்போடுவேன். சரக்கு வாங்கற பையர் அனுப்பற இங்கிலீசு மெயில்ல, வினைச்சொல்லு வாலுல இந்த ஆஃப், அப், அவுட் வந்து ஒட்டிக்கிட்டாத்தான் தலை சுத்துது. ஆர்டரை 'புட் ஆஃப்'னா தள்ளி வெக்கறாங்களாம், 'கால் ஆஃப்'னா ரத்தாம். ரெண்டுலயும் ஒரே ஆஃப்தானுங்களே! நூலு வாங்கறதா வேண்டாமான்னு மொதலாளி வேற தலைமாட்டுலயே நிக்கறாரு.

அந்த 'கோ ஆஃப்' இருக்குதே, அது பண்ற அக்குறும்பு சொல்லி மாளாது. லைட்டுக்குச் சொன்னா அணைஞ்சுபோச்சு. அலாரத்துக்குச் சொன்னா அடிக்குது. பாலுக்குச் சொன்னா கெட்டுப்போச்சு. ஃபாரத்தை 'ஃபில் இன்' பண்ணுன்னாலும் பூர்த்தி பண்ணோணும், 'ஃபில் அவுட்'னாலும் அதேதான். அப்பறம் எதுக்குங்க ரெண்டு?

போஸ்ட்போன், கேன்சல்னு ஒத்தைச் சொல்லு இருக்குதல்லோ, அதைப் போட்டா என்ன கொறஞ்சா போயிரும்? நம்மூருப் பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீசே அதுதானுங்க.

"பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுங்க மாமா"ங்கறான் மச்சினன் பையன். சேம்பிளை வேண்டாம்னு தள்ளறதும் 'டர்ன் டவுன்', டிவி சத்தத்தைக் கொறைக்கறதும் 'டர்ன் டவுன்'. பட்டியல் எந்த மூலைக்குடா காணும்?