உயிரி பயங்கரவாதமும் உள்ளூர்ச் சுகாதார அலுவலகமும்

நோய்க்கிருமிகளை ஆயுதமாக்கித் தாக்கும் உயிரி பயங்கரவாதம் என்றாலே முழுக்கவச உடை அணிந்த ராணுவ வீரர்களும் ரகசிய ஆய்வகங்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அமெரிக்காவில் உண்மையிலேயே நடந்த இரண்டு தாக்குதல்களை எடுத்துக்கொண்டால், அவற்றை முதலில் எதிர்கொண்டவர்கள் உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தினர், ஊர் மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர், மாநில ஆய்வகத்தின் நுட்பநர் ஆகியோர்தாம். இவர்களை வலுப்படுத்தாமல் செய்யப்படும் எந்த முன்னேற்பாடும் வெறும் ஒத்திகையாகவே முடியும் என்பது என் கருத்து.

1984 செப்டம்பரில், ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள தி டேல்ஸ் என்ற சிற்றூரில் அடுத்தடுத்துப் பலருக்குக் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. உணவகங்களில் வாடிக்கையாளர்கள் தாமே எடுத்துக்கொள்ளும் சாலட் மேசைகளில் சாப்பிட்டவர்கள் அவர்கள். பத்து உணவகங்கள், 751 நோயாளிகள், காரணம் சால்மோனெல்லா பாக்டீரியா. நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. மாநிலச் சுகாதாரத் துறையும் அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் விசாரித்தன. அந்த உணவகங்கள் அனைத்துக்கும் பொதுவான சரக்கு எதுவும் சிக்காததால், சமையலறை ஊழியர்களின் கைச்சுத்தக் குறைவே காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். உண்மையில் அதைச் செய்தவர்கள், பின்னாளில் ஓஷோ என்று அறியப்பட்ட சாமியார் ரஜனீஷின் ஆசிரமமாக அருகிலிருந்த ரஜனீஷ்புரத்தின் நிர்வாகிகள். நவம்பரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலில் ஊர்க்காரர்கள் வாக்களிக்க முடியாமல் படுக்கையில் விழ வேண்டும் என்பதே திட்டம்.

விசாரணையாளர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. உணவு நச்சில் சதியை முதலில் சந்தேகிக்கும் சுகாதார அதிகாரி, தன் பணிக்காலத்தில் எத்தனை அப்பாவிகளைக் குற்றவாளிகளாக்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் செய்த பெரிய காரியம் வேறு: நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி மாதிரிகளைப் பத்திரப்படுத்தினார்கள். ஓராண்டு கழித்து ரஜனீஷே தம் செயலாளர் ஷீலாவின் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியபின், ஆசிரமத்து ஆய்வகத்தில் காவல்துறை கைப்பற்றிய கிருமி அந்த மாதிரிகளோடு பொருந்தியது. ஷீலாவும் ஆசிரமத்தின் மருத்துவப் பிரிவை நடத்திய பூஜாவும் சிறைக்குப் போனார்கள். இதைப் பார்த்து வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், அந்த விசாரணையின் முழு அறிக்கை 1997 வரை மருத்துவ இதழ்களில் வெளிவரவில்லை.

இரண்டாவது, 2001 அக்டோபரின் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள்; அதாவது அந்தக் கிருமித் தூளை உறைக்குள் வைத்து அஞ்சலில் அனுப்பிய கடிதங்கள். நம் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய்தான் இது. ஃப்ளோரிடாவில் ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்ற பத்திரிகைப் புகைப்பட ஆசிரியர் காய்ச்சலோடும் குழறிய பேச்சோடும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ் அவருடைய தண்டுவட நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சங்கிலி கோத்தாற்போல் நின்ற பெரிய கோல் வடிவப் பாக்டீரியாக்கள் தெரிந்தன. இது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்று அவர் உடனே சுகாதாரத் துறைக்குச் சொன்னார். ஜாக்சன்வில்லில் இருந்த மாநில ஆய்வகம் அதை உறுதிசெய்தது. இத்தகைய தாக்குதல்களைக் கண்டறிய 1999இல் தொடங்கப்பட்ட ஆய்வக வலையமைப்பின் வழியே அத்தகைய சோதனைக்கான பயிற்சி அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்டீவன்ஸ் ஓடையில் தண்ணீர் குடித்திருந்தார் என்று அமெரிக்க மத்தியச் சுகாதார அமைச்சர் செய்தியாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், சரியான விடை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கிடைத்துவிட்டிருந்தது.

இதுவரை அந்த ஏற்பாடு வேலை செய்தது. அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. அக்டோபர் 15ஆம் தேதி செனட்டர் டாம் டாஷல் அலுவலகத்தில் ஒரு கடிதம் பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு அன்றே சோதனை, அன்றே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை. அந்தக் கடிதம் கடந்துவந்த, வாஷிங்டனின் பிரென்ட்வுட் அஞ்சல் நிலையமோ இயங்கிக்கொண்டே இருந்தது. ஒட்டிய உறைக்குள்ளிருந்து ஆபத்தான அளவு தூள் வெளியேறாது என்று நிபுணர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. 21ஆம் தேதிதான் நிலையம் மூடப்பட்டு ஊழியர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அன்று அதிகாலை தாமஸ் மோரிஸ் என்ற ஊழியர், தமக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கலாம் என்று அவசர உதவி எண்ணில் தாமே விளக்கிச் சொல்லிவிட்டு, சில மணி நேரத்தில் இறந்தார். ஜோசப் கர்சீன் என்ற மற்றோர் ஊழியர் மருத்துவமனைக்குப் போய், வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்தக் கட்டடத்துக்குப் பின்னர் இவர்கள் இருவரின் பெயரையும் சூட்டினார்கள்.

மொத்தம் 22 பேருக்கு நோய் கண்டது, ஐந்து பேர் இறந்தார்கள். பிரென்ட்வுட்டில் பெரும்பாலோர் கறுப்பின ஊழியர்கள். நாடாளுமன்றத்துக்கு ஒரு நீதி, தமக்கு ஒரு நீதியா என்று அவர்கள் கேட்டதில் என்ன தவறு? அதிகாரிகள் வேண்டுமென்றே புறக்கணித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தைப் பெறுபவரைப் பற்றி மட்டும் யோசித்து, அதைக் கையாள்பவரை மறந்த திட்டம் அது. மருந்துக் கையிருப்பு போதுமான அளவு இருந்தும், அது யார் கைக்கு எப்போது போகிறது என்பதில் இரண்டு உயிர்கள் போயின.

அதன்பிறகு பணம் கொட்டியது. 2002இல் மாநிலங்களுக்குச் சுமார் 100 கோடி டாலர் வழங்கப்பட்டது. பெரியம்மைக் கிருமியும் ஆயுதமாகலாம் என்ற அச்சத்தில், ஈராக் போருக்கு முன்பு சுமார் ஐந்து லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போடத் திட்டமிட்டு, ஏறத்தாழ 40,000 பேரோடு அது நின்றுபோனது. அச்சம் தணியத் தணிய நிதியும் குறைந்து, 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் உள்ளூர்ச் சுகாதாரத் துறைகள் ஆட்களைக் குறைத்தன. கொடிய கிருமிகளைக் கையாளும் ஆய்வகங்கள் மட்டும் பெருகின. கடிதங்களை அனுப்பியவர் ராணுவத்தின் உயிரியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் பணியாற்றிய புரூஸ் ஐவின்ஸ் என்பதுதான் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் முடிவு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் 2008இல் தற்கொலை செய்துகொண்டதால் வழக்கு நீதிமன்றத்தை எட்டவில்லை. அறிவியல் சான்றுகளை மட்டும் வைத்து அதை உறுதியாக நிறுவ முடியாது என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2011இல் சொன்னது.

அச்சத்தில் பிறந்தாலும் உருப்படியாக வளர்ந்த ஏற்பாடும் உண்டு. கொரியப் போர்க்காலத்தில், உயிரியல் ஆயுத ஆபத்தைக் காட்டி 1951இல் அட்லாண்டா மையத்தில் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணி, 1955இல் போலியோ தடுப்பூசியிலேயே உயிருள்ள வைரஸ் கலந்திருந்த கோளாற்றைத் தேடிப்பிடித்தது. எதிரி வராத நாட்களிலும் அந்தப் பணியினருக்கு வேலை இருந்தது. நம் பக்கத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான் குழுவினர் வட ஆற்காடு மாவட்டத்தில் நடத்திய நோய்க் கண்காணிப்பு இதற்கு நல்ல உதாரணம்: மருத்துவர்கள் அச்சிட்ட அஞ்சலட்டையில் நோயை எழுதி அனுப்பினால் போதும். செலவு சொற்பம்.

கொரோனாவுக்குப் பிறகு, எந்தப் புதுக் காய்ச்சல் வந்தாலும் உயிரியல் போர் என்று வாட்ஸ்அப்பில் பரப்புபவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் ஒரு தகவலை மட்டும் விசாரித்துப் பகிர்ந்தால் நன்றாக இருக்கும்: தங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய ஆளும் பொருளும் இருக்கின்றனவா, ஞாயிற்றுக்கிழமை இரவில் சந்தேகம் எழுந்தால் மருத்துவர் யாரை அழைக்க வேண்டும்?