அம்மாவுக்குத் தாம்பரத்தில் காணி விலை தெரியும்

போன கிழமை, கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு டிஷ்ஷுக்குக் காசு முடிந்தது. நான் வேண்டுமென்றே போடாமல் விட்டேன். மாதம் இரண்டாயிரத்துக்குக் கிட்டப் போகிறது. நானும் மனைவியும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, மகள் போனுக்குள்ளேயே குடியிருக்கிறாள். பிறகு யாருக்குக் கட்டுகிறோம் என்று ஒரு கணக்கு. மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, யாரிடம் என்றில்லாமல், "ரீவியும் என்னை மாதிரிக் கிழடாப் போச்சுது போல, கண் தெரியேல்லை அதுக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவே காசு போட்டேன்.

போட்டது போட்டாயிற்று, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து றிமோட்டை வாங்கி ஒன்றிலிருந்து கடைசிவரை தட்டிக்கொண்டு போனேன். நேரம் ஏழரை. நூற்றுச் சொச்சம் அலைவரிசை. அதில் தமிழ் என்று வந்தவை முப்பத்தொன்று. ஒன்பதில் நாடகம். நாடகத்தில் பாதியில் கலியாணம், மீதியில் கலியாணம் நிற்கப்போகிறது. ஐந்தில் பாட்டு, நான்கில் பழைய படம், இரண்டில் நாலு பேர் மேசையைச் சுற்றி ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒன்றில் முழங்கால் வலிக்குத் தைலம். இன்னும் சிலவற்றில் சாமி. இலங்கைத் தமிழ் என்று எண்ணினால் ஒரு கை விரலுக்குள் முடிந்துவிட்டது. மிச்சத்தை எண்ணப் பொறுமை இல்லை. "என்னடா தேடுறாய்?" என்று அம்மா கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அம்மா தன் நாடகத்துக்குத் திரும்பினார். மூன்று நாள் விட்டுப் போயிற்றே, கதை விளங்குமா என்று கேட்டேன். "அதே மண்டபத்திலதான் நிக்கினம்" என்றார். மூன்று நாளில் அந்த மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். சரி, இதைப் பார்த்துச் சிரிப்பது சுகம். நானும் சிரித்தேன். ஆனால் என்னை உறுத்தியது நாடகம் இல்லை, அதற்கு நடுவில் வந்த விளம்பரம். சென்னையில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் காணித் துண்டு விற்கிறார்கள். பேருந்து நிலையம் எத்தனை நிமிடம், பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம், சதுர அடி என்ன விலை எல்லாம் அம்மாவுக்குப் பாடம். "போன மாசத்தை விடக் கூட்டிப் போட்டாங்கள்" என்று எனக்கு விளக்கம் வேறு. தி.நகரில் எந்தக் கடையில் ஆடித் தள்ளுபடி என்றும் சொல்வார். ஆனால் பக்கத்துத் தருமபுரம் சந்தையில் தேங்காய் என்ன விலை என்று நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வட்டக்கச்சியில் இருந்து தருமபுரம் எவ்வளவு தூரம் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த விளம்பரக்காரனைக் குறை சொல்லவும் முடியாது. அவன் எங்களுக்கு விற்கவில்லை. இந்தியாவில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளப்பதற்குச் தெரிந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்திருக்கிறார்கள். அந்த அளவை வைத்துத்தான் நாடகம் நீளும், நிற்கும், கதாநாயகி மாறுவாள். வன்னியில் எத்தனை ஆயிரம் அம்மாமார் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒரு தலை ஏறாது. கலியாண வீட்டில் பந்தலுக்கு வெளியே நின்று பார்ப்பதுபோலத்தான். சாப்பாடு மணக்கும், இலை விழாது.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தது ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமாக எங்கள் தலைக்கு மேலால் போனது. அன்று பகல் முழுக்கத் தமிழ்நாட்டுச் செய்தி அலைவரிசைகளில் அந்தப் புயல்தான். நல்ல படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வானிலை ஆட்களை நிற்க வைத்து, விளக்கமாகத்தான் சொன்னார்கள். வாசித்தது இப்படி இருந்தது: புயல் இலங்கையைக் கடந்து பாம்பனை நோக்கி வரும். பாம்பனில் படகுகளைக் கட்டியதைக் காட்டினார்கள், இராமநாதபுரத்தில் மக்களை முகாமுக்கு ஏற்றியதைக் காட்டினார்கள். அந்தக் 'கடந்து' என்ற ஒரு சொல்லுக்குள்தான் நாங்கள் அத்தனை பேரும், மாடு கன்றோடும் காலபோகப் பயிரோடும் இருந்தோம். இலங்கை அலைவரிசைகளுக்குப் போனால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவிப்பு ஓரமாக ஓடியது, வட கிழக்கு மாகாணங்களில் கடும் மழை என்று. உண்மைதான். வாசலைத் திறந்தால் தெரிந்தது.

அப்போ போன்தானே நல்லது என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவும் பார்த்தாயிற்று. ஒரு மாரியில், பெயரெல்லாம் வேண்டாம், இரவு பதினொன்றுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "இரணைமடு உடைஞ்சிட்டுது, ஓடுங்கோ." குரலில் அழுகை வேறு. பத்து நிமிடத்துக்குள் அதே பதிவு எனக்கு ஏழு பேரிடமிருந்து வந்தது, அதில் ஒருவர் பிரான்சில் இருக்கிறார். பன்னங்கண்டியில் இருக்கிற என் மச்சாள் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பரந்தன் வரைக்கும் வந்துவிட்டாள். இரணைமடுக் குளம் உடையவில்லை. வான்கதவு திறந்திருந்தார்கள். குளம் உடைவதற்கும் கதவு திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் கீழே வயலும் வீடும் வைத்திருக்கிறவனுக்கு உயிர் வித்தியாசம். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் யார் அவனிடம் கேட்பது? ரீவியில் ஒருவர் அப்படி வாசித்திருந்தால் மறுநாள் முகம் காட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் எட்டு மணிச் செய்தியை இன்னும் விடவில்லை. செய்தி தூரத்தில் இருந்து வருகிறது, பாதி எங்களைப் பற்றியும் இல்லை. ஆனால் சொல்கிறவருக்கு முகமும் முகவரியும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு முதல் ரீவி வந்தது 2003இல். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து ஒரு வருடம். அப்பா வவுனியாவில் வாங்கிய பன்னிரண்டு வோல்ற் கறுப்பு வெள்ளைப் பெட்டி. இராணுவம், புலிகள் என்று இரண்டு பக்கச் சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றி, தீர்வையும் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஊரில் மின்கம்பம் கிடையாது. உழவு இயந்திரப் பற்றறியில்தான் படம். பற்றறி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். முதலில் ஓரத்தில் கறுப்புக் கரை விழும், பிறகு ஆட்கள் ஒல்லியாவார்கள், கடைசியில் வாசிக்கிறவரின் முகம் நடுவில் ஒரு தபால் முத்திரை அளவுக்கு நின்று பேசும். அந்த முத்திரை அணையும்வரை யாரும் எழும்ப மாட்டோம். அணைந்ததும் அப்பா பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டுவார், ஜெனரேற்றர் கடையில் ஒரு இரவு சார்ஜுக்கு வைக்க. அன்ரனா இராமேஸ்வரம் பக்கம் பார்த்தபடி கமுக மரத்தில். அங்கே 323 மீற்றரில் தூர்தர்சன் கோபுரம் நிற்கிறது. காற்று இல்லாத புழுக்கமான இரவில் படம் கண்ணாடி. கடலுக்கு மேலே சூட்டுக் காற்றுப் படை மூடினால் அலை மேலே போகாமல் வளைந்து இங்கே வந்து விழும் என்று பின்னாளில் படித்தேன். காற்று எழும்பினால் புள்ளி மழை. அந்தப் பெட்டியை 2009 தையில் விசுவமடுவில் விட்டுவிட்டு வந்தோம். அதற்கு மேல் அந்தக் கதை இந்தப் பதிவுக்கு வேண்டாம்.

இப்படிச் சொன்னால் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று அழுகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லவே இல்லை. ஹிந்திச் செய்தியை மொழி தெரியாமல் முக்கால் மணித்தியாலம் பார்த்த வீடு இது. தெரிவு இல்லாததைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வராது.

நான் சொல்ல வந்தது கோபுரத்தைப் பற்றி. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் ஏ9 ஓரம் கொக்காவில் கோபுரத்தைப் பார்க்காமல் யாரும் யாழ்ப்பாணம் போக முடியாது. 174 மீற்றர், 2011இல் திறந்தது. அதே இடத்தில் முன்பு அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் மறு ஒளிபரப்பு நிலையம் இருந்தது. அதைக் காக்கத்தான் ஒரு இராணுவ முகாம், அந்த முகாம் 1990 ஜூலையில் புலிகளிடம் விழுந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு ரீவிக் கம்பத்துக்குக் காவல் போட்டு, அதற்காக ஆட்கள் செத்து, இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு முதலில் கட்டியவற்றில் ஒன்றாக அதே இடத்தில் இன்னும் பெரிய கம்பம். ரீவி ஒன்றுக்கும் உதவாத பெட்டி என்றால் ஏன் இந்தப் பாடு? கொழும்பிலும் இதே கதைதான். 2022 ஜூலை 13, அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக்காரர் ரூபவாஹினிக்குள் போனார்கள், ஒளிபரப்பு கொஞ்ச நேரம் நின்றது. அவர்கள் கையில் எல்லாம் போன். முகநூலில் நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உலகமே பார்க்கிறது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் தங்கள் முகம் ஒரு தரம் வரவேண்டும் என்று பட்டிருக்கிறது. எனக்கு அது விளங்குகிறது.

கொக்காவில் கோபுரம் கொழும்பிலிருந்து வருவதை எங்களுக்கு இறக்கித் தருகிறது. எங்களிடமிருந்து அது ஏற்றிப் போன ஒரு நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் அலைவரிசைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தின் வாசலான ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் ஒரு விஷயம் செய்தியாவதற்குக் குறைந்தது ஒரு பஸ் கவிழ வேண்டும், அல்லது அமைச்சர் வரவேண்டும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். ஆயிரமாவது நாள், இரண்டாயிரமாவது நாள் என்று வட்டக் கணக்கு வந்தால் கமரா வரும். ஆயிரத்தோராம் நாள் யார் வந்தார்? நல்லூர்த் தேரை நேரடியாகக் காட்டுகிறார்கள், அம்மா எழும்பி நின்று கும்பிடுவார், சந்தோசம். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை அவருக்கு நான் போனில்தான் பிடித்துக் காட்டினேன், யாரோ ஒரு பெடியன் கை நடுங்க நடுங்க எடுத்த நேரலையில்.

கிரிக்கெட்டையும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. மகள் போனில் பார்க்கிறாள், பக்கத்து வீட்டில் ரீவி. அங்கே "அவுட்!" என்று கத்தி முடிந்து அரை நிமிடத்துக்குப் பிறகுதான் இவளுடைய போனில் பந்து வீசவே ஓடி வருகிறார்கள். அன்றைக்கு மட்டும் அவள் அப்பம்மாவிடம் றிமோட் கேட்டுக் கெஞ்சுவாள். நாங்கள் யாருக்குக் கை தட்டுகிறோம் என்பது தனிப் பதிவு, இங்கே வேண்டாம்.

ஆக, நூறு அலைவரிசைக்குக் காசு கட்டலாமா என்றால், கட்டுகிறேன். அம்மாவுக்காக ஒரு பங்கு, எட்டு மணிக்காக ஒரு பங்கு, பந்துக்காகக் கொஞ்சம். மிச்சம் தொண்ணூறும் எனக்கு இலவசமாகக் கிடைத்தாலும் ஒன்றுதான். ஆனால் நாளைக்கே யாராவது, ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும், இரணைமடுவில் இன்று எத்தனை அடி, முத்தையன்கட்டுக் குளத்தில் எத்தனை அடி, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், புதுக்குடியிருப்பில் நெல்லு என்ன விலை, யானை நேற்று எந்தப் பக்கம் வந்தது என்று முகத்தைக் காட்டி வாசித்தால், இப்போது கட்டுவதில் இரண்டு மடங்கு அதற்கு மட்டும் கட்டுவேன். கூடவே அந்தக் காணி விளம்பரத்துக்குப் பதில் எங்கள் ஊர் நாற்றுமேடைக்காரர் ஒருவர் வந்து மிளகாய்க் கன்று விற்றாலும் ஆட்சேபணை இல்லை.

எட்டாகப் போகிறது. அம்மாவிடம் றிமோட் கேட்டேன். "பொறு தம்பி, இண்டைக்குத் தாலி கட்டப்போறான்" என்கிறார். மண்டபத்தில் யாரோ "நிறுத்துங்கள்!" என்று கத்துகிற சத்தம் இங்கே கேட்கிறது.