அந்தப் பள்ளத்துக்கு ஆகான் காரணம் இல்லீங்க

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நடந்ததும், அன்னிக்கு சாயந்திரம் சர்ச் குரூப்ல வந்த வாய்ஸ் மெசேஜும் இங்க இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்க இன்பாக்ஸ்ல வந்து "யாரு டீச்சர், யாரு டீச்சர்"னு கேக்காதீங்க. சொல்லப் போறதில்ல. இது ஒரு ஆளைப் பத்தின பதிவும் இல்ல. (சரி, கொஞ்சம் அவரைப் பத்தினதும்தான்.)

விஷயம் இவ்வளவுதான். மழை ராத்திரி. சர்வீஸ் ரோட்டுல தோண்டிட்டு மூடாம விட்ட பள்ளம். தண்ணி நின்னதால பள்ளம் இருக்கிறதே தெரியல. நம்ம சபை அண்ணன் ஒருத்தர் பைக்கோட உள்ள போய், தொடை எலும்பு உடைஞ்சு, கம்பி வெச்சுப் படுத்திருக்கார். அதே ராத்திரி அதே ரோட்டுல வரவேண்டிய இன்னொருத்தர் வண்டி ஸ்டார்ட் ஆகாம லேட்டா கிளம்பினதால, கூட்டத்தைப் பாத்து ஓரமா ஒதுங்கி வீடு வந்து சேர்ந்துட்டார். அவர்தான் சாட்சி நேரத்துல எழுந்து, "என் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாம நிறுத்தினவர் என் தேவன்"னு சொன்னது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. விழுந்தவரோட சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்து நேரா சர்ச்சுக்கு வந்து நாலாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. அவங்களும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. நான் பாத்தேன்.

அதோட விட்டிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாயந்திரம் அந்த வாய்ஸ் மெசேஜ். பின்னாடி கீபோர்டு மியூசிக் வேற. அடிபட்ட குடும்பம் தங்களை நிதானிச்சுப் பாக்கணுமாம். கொஞ்ச நாளா உபவாச ஜெபத்துக்கு வரதில்லையாம். கூடாரத்துக்குள்ள ஆகான் எதை ஒளிச்சு வெச்சிருக்கான்னு தேடணுமாம்.

பைபிள்ல ஆகான்னு ஒருத்தன் எடுக்கக் கூடாத கொள்ளைப் பொருளை எடுத்துக் கூடாரத்துல ஒளிச்சான், அவன் பாவத்தால ஜனங்களே தோத்தாங்க. அவன் ஒளிச்சு வெச்சது பாபிலோனிய சால்வையும் வெள்ளியும் பொன்னும். இந்த அக்கா வீட்ல ஒளிச்சு வெக்க என்னங்க இருக்கு, மகளிர் குழு பாஸ்புக்கா?

அந்தப் பள்ளத்துக்கு ஆகான் காரணம் இல்லீங்க. தோண்டினவங்க மூடாம போனது காரணம். மழை காரணம். அந்த இடத்துல லைட் எரியாதது காரணம். இதையெல்லாம் கேக்க தைரியம் இல்லாத நாம, கட்டு போட்டுப் படுத்திருக்கிறவன் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாவம் தேடறோம். ஒரு மனு எழுதி கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கறதைவிட அது சுலபம் பாருங்க.

"அப்ப சாட்சியே சொல்லக் கூடாதா டீச்சர்?"னு வருவீங்க. சொல்லுங்க. தப்பிச்சவன் நன்றி சொல்லாம இருக்க முடியுமா? ஆனா உங்க வண்டியை நிறுத்தினவர் அவர் வண்டியை ஏன் நிறுத்தலைங்கிற கேள்வி அந்த நாலாவது வரிசையில போய் விழும். அதைப் பொறுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறது நீங்க இல்ல. நன்றியைச் சின்னதா, மெதுவா, மைக் இல்லாம சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும்.

எங்கம்மா நினைப்பு வருது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி, எண்ணெய் காய்ஞ்சு முதல் ஈடு முறுக்கு போட்டதும் கேஸ் தீர்ந்துச்சு. ரெண்டாவது சிலிண்டர் எல்லாம் அப்ப ஏது எங்க வீட்ல? அம்மா அடுப்பைப் பாத்தாங்க, அப்புறம் மேல ஓட்டுக்கூரையைப் பாத்தாங்க. "இன்னா ஆண்டவரே, உமக்கே இது நல்லாருக்கா? உம்ம பொறந்த நாளுக்குத்தானே சுடறேன்?"ன்னாங்க. கேட்டுட்டு மாவு, குழல், எண்ணெய்ச் சட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டு பாயம்மா சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. சபைப் பள்ளியில "சகலமும் நன்மைக்கு ஏதுவாக"ன்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்த திமிர்ல, "கேஸ் தீர்ந்ததுல என்னம்மா நன்மை?"ன்னு கேட்டேன். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? போய் அந்த ஜல்லிக்கரண்டியைப் புடி"ன்னாங்க.

நான் அதுக்கப்புறம் எத்தனையோ கன்வென்ஷன்ல உட்கார்ந்திருக்கேன். விசுவாசத்தைப் பத்தி அதைவிட ஒழுங்கா யாரும் எனக்குச் சொல்லித் தரல.

காட்பாடியில ஒரு தடவை ரயிலை விட்டோம். சொந்தத்துல கல்யாணம். இப்ப யாராச்சும் சாட்சி சொன்னா அந்த ரயில் எங்கயாவது கவுந்திருக்கணும், நாங்க தப்பிச்சிருக்கணும். அப்படி ஒண்ணும் ஆகல. ரயில் நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சு. நாங்கதான் ஆராதனையை விட்டுட்டு நேரா சாப்பாட்டுக்குப் போய் நின்னோம், சொந்தக்காரங்க இன்னிக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கறாங்க. அதுல என்ன மறைபொருள்? ஒண்ணும் இல்ல. மார்க்கெட்டு பக்கம் ஆட்டோ நின்னுடுச்சு, அவ்வளவுதான். அம்மா பிளாட்பாரத்துல உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சு, எப்பவும் போல ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிட்டாங்க. காரணம் கேட்டு ஒரு புகாரும் இல்ல, காரணம் கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு பிரசங்கமும் இல்ல.

அதேதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். ஆண்டவரை நம்பறதுன்னா ஒவ்வொரு அடிக்கும் காரணம் தெரிஞ்சு வெச்சிருக்கறது இல்ல. தெரியாது. தெரியாமலே அவர்கிட்டயே போய் நிக்கறோம், சண்டை போடறதா இருந்தாலும் அவர்கிட்டயே. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு சங்கீதக்காரன் பாடினதை நாம ஆராதனையில வாசிக்கறோம். அதையே ஒரு அக்கா அழுதுட்டுச் சொன்னா மட்டும் "அவிசுவாசமா பேசாதீங்க சிஸ்டர்"ங்கறோம்.

2021 நவம்பர் மழை மறந்திருக்காது. எத்தனையோ வருஷமா மணலா கிடந்த பாலாத்துல கரை கொள்ளாம தண்ணி போச்சு, ஊரே பாலத்து மேல நின்னு வேடிக்கை பாத்துச்சு. அதே மழையில பேரணாம்பட்டுல வீடு இடிஞ்சு ஒன்பது பேர் செத்தாங்க, அதுல நாலு குழந்தைங்க. போய்ச் சொல்லுங்களேன் அங்க, ஆகானைத் தேடுங்கன்னு. சீலோவாம்ல கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தப்ப, அவங்க எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும்விடக் குற்றவாளிங்களான்னு இயேசுவே கேட்டார். அப்படியல்லன்னு அவரே பதிலும் சொன்னார். "அடுத்த வரியையும் வாசிங்க டீச்சர், மனந்திரும்புங்கன்னு இருக்கு"ன்னு ஒருத்தர் போன்லயே ஆரம்பிச்சுட்டார். வாசிச்சேன் பிரதர். மனந்திரும்பச் சொன்னது கதையைக் கேட்டுக்கிட்டு நின்னவங்களை. கோபுரத்துக்கு அடியில கிடந்தவங்களை இல்ல.

இன்னொருத்தர் பைபிள்ல எபிரெயர் நிருபத்தைத் தூக்கிட்டு வந்தார். கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார். ஆமாங்க, இருக்கு. நான் மறுக்கல. ஆனா என் பையனை நான் கண்டிக்கறேன்னா அது எனக்கும் அவனுக்கும் நடுவுல. எதிர் வீட்டுக்காரர் மாடியில ஏறி நின்னு "டீச்சர் ஏன் அடிச்சாங்கன்னா..."ன்னு தெருவுக்கே விளக்கம் சொன்னா சும்மா விடுவேனா?

"அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்"னு எழுதினவருக்கு மட்டும் பதில் கிடையாது. யாரையும் நான் தொடல. வாய்ஸ் மெசேஜை ரெண்டாவது தடவை கேட்டேன், அவ்வளவுதான்.

வேலூர்ல இருந்துக்கிட்டு நமக்கு இது புரியலைன்னா வேற எந்த ஊர்க்காரங்களுக்குப் புரியும்? சி.எம்.சி ஆஸ்பத்திரி பக்கம் ஆற்காடு ரோட்டுல போய்ப் பாருங்க. வங்காளத்துல இருந்தும் ஜார்கண்ட்ல இருந்தும் ரயில் ஏறி வந்து, லாட்ஜ்ல ஒரு ஸ்டவ்வை வெச்சு சோறு பொங்கிக்கிட்டு, கையில ஃபைலோட நிக்கிறவங்க எத்தனை பேர்! அவங்க அத்தனை பேர் வீட்லயும் ஆகானா? அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதையை ஞாயிறு பள்ளியில நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களே. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேர் அவங்க பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்க வரச்சொல்லிக் கூப்பிட்டாங்க. மூணு பொண்ணுங்களும் செத்துப் போனாங்க. ஐடா அந்த மூணு வீட்டுக்கும் போய் "ஏன் இப்படி ஆச்சுன்னா"ன்னு ஆரம்பிக்கல. டாக்டருக்குப் படிச்சுட்டு 1900ல திரும்பி வந்து, ஒரே ஒரு கட்டிலை வெச்சு வைத்தியத்தை ஆரம்பிச்சாங்க.

அதே ஆஸ்பத்திரியில இருந்த மேரி வர்கீஸ் டாக்டரை எடுத்துக்கங்க. 1954ல வண்டி விபத்து, அதுக்கப்புறம் கால் ரெண்டும் வரல. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோய்க்காரங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. 1966ல பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்துச்சு, 1972ல பத்மஸ்ரீ. நம்ம ஆளுங்க இதையும் ஒரு கணக்கா மாத்திடுவாங்க: "பாத்தீங்களா, அதுக்குத்தான் ஆண்டவர் அந்த விபத்தை அனுமதிச்சார்." எனக்கு அந்த வார்த்தை தொண்டையில இறங்க மாட்டேங்குது. ஒரு பொண்ணோட முதுகெலும்பை உடைச்சாத்தான் அவருக்கு ஒரு மறுவாழ்வு மையம் கட்டத் தெரியுமா? மேரி டாக்டர் தன் வாழ்க்கையைப் பத்தித் தானே அப்படிச் சொல்லிக்கலாம், அது அவங்க உரிமை. கால் நல்லா இருக்கிற நான் அதைச் சொல்லக் கூடாது. நீங்களும்தான்.

இந்த இடத்துல "அதான் நாங்க சொல்றோம், கடவுளே இல்ல"ன்னு குதிச்சு வரப்போற தோழர்களுக்கு: இது எங்க வீட்டுச் சண்டை. காபி வேணும்னா தரேன், உட்காருங்க, நடுவுல பேசாதீங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்கறீங்களா? சொல்லிடறேன்.

அம்மாவுக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சு வைத்தியம் பாத்துக்கிட்டிருந்த நேரம். வீட்டுக்கு ஜெபிக்க வந்தவங்கள்ல ஒரு அம்மா, ஜெபம் முடிஞ்சதும் எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாச்சும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க சிஸ்டர், தடை அங்கதான் இருக்கும்"னாங்க. அவ்வளவு அன்பா, மெதுவா. எங்கம்மா ஒண்ணும் சொல்லல. "காபி சாப்ட்டுப் போங்கம்மா"ன்னாங்க. நான்தான் போட்டுக் குடுத்தேன்.

ராத்திரி தூங்கலைன்னு பக்கத்துல போய் உட்கார்ந்தா, "நான் யாருக்கு இன்னாடி பண்ணேன்?"ங்கறாங்க. பழசெல்லாம் எடுத்துப் போட்டு எண்ணிக்கிட்டிருக்காங்க. மாமியார்கிட்ட எதுத்துப் பேசினது, சீட்டுப் பணம் லேட்டா கட்டினது, யாரோ ஒரு நாத்தனார் கல்யாணத்துக்குப் போகாதது. கேஸ் தீர்ந்தப்ப ஆண்டவரையே "நல்லாருக்கா"ன்னு கேட்ட பொம்பள அது. கட்டியை டாக்டருங்க பாத்துக்கிட்டாங்க, அவங்களால ஆனதைச் செஞ்சாங்க. அந்தக் கேள்வியை எந்த டாக்டர் பாக்கறது? கடைசி வரைக்கும் அது அம்மாகூடவே இருந்துச்சு. அடக்க ஆராதனைக்கு அந்த அம்மாவும் வந்தாங்க. முன் வரிசை.

பைபிள்ல, எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராப்பகலா தரையில அவன்கூட உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசலன்னு இருக்கு. அந்த ஏழு நாள் அவங்க நல்லவங்க. எட்டாவது நாள்ல இருந்து வந்தது வினை. கடைசியில "நிதானமாய்ப் பேசவில்லை"ன்னு ஆண்டவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது, பொறந்த நாளையே சபிச்சுக் கத்தின யோபு இல்ல. காரணம் சொன்னவங்கதான். இதை எத்தனை வருஷமா வாசிக்கறோம்? வாசிச்சுட்டு அதே வேலையை கீபோர்டு மியூசிக்கோட பண்றோம்.

இதையேதான் நான் குரூப்ல ரெண்டு வரியில எழுதினேன். மரியாதையாத்தான். பத்து நிமிஷத்துல "அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்"னு மாத்திட்டாங்க. அதனாலதான் இங்க வந்து எழுதிக்கிட்டிருக்கேன். அப்புறம் ஒரு போன். எனக்கு ரொம்ப வேண்டியவங்க, சின்ன வயசுல இருந்து தெரிஞ்சவங்க. "பையனுக்கு இன்னும் வேலை அமையலைன்னு நீங்க கசப்பில இருக்கீங்க டீச்சர், அதான் ஊழியக்காரங்க மேல காட்டறீங்க, உங்களுக்காக ஜெபிக்கறோம்"ங்கறாங்க. பாத்தீங்களா? இப்ப என் கூடாரத்துலயும் தேட ஆரம்பிச்சாச்சு.

கசப்புதான். இல்லைன்னு யார் சொன்னா? பெத்லகேம் ஊர் நடுவுல நின்னு, சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்னு, புருஷனையும் பிள்ளைங்களையும் பறிகொடுத்த நகோமி சொன்னா. அவளை யாரும் குரூப்ல இருந்து தூக்கல. ஊரே ஓடிவந்து பாத்துச்சு. பைபிள்ல அதையும் சேர்த்துத்தானே எழுதி வெச்சிருக்கு?

அந்த நாலாவது வரிசை அக்கா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. (எழுதலாம்னு அவங்களே சொன்னதால எழுதறேன்.) ஆஸ்பத்திரி வராண்டாவுல, மாத்திரைச் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "குழுவுக்குத் தவணை கட்டற நாள் வருது டீச்சர். ஆண்டவருக்குத் தெரியும்ல?"ன்னாங்க. தெரியும்க்கான்னேன். வேற ஒண்ணும் சொல்லல. தவணையைப் பத்தி நாங்க சில பேர் பேசிக்கிட்டோம், அது இங்க வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை நான் வருவேன். விலகிட்டேன்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான், அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல. ஞானஸ்நானம் எடுத்த சர்ச்சு, அம்மாவை எடுத்துட்டுப் போன சர்ச்சு, நான் ஏன் விட்டுட்டுப் போகணும்? எப்பவும் உட்கார்ற அதே பெஞ்சுலதான் உட்காருவேன். என் பக்கத்துல உட்கார சங்கடமா இருக்கிறவங்க தாராளமா தள்ளி உட்காரலாம். ஃபேன் அந்தப் பக்கம்தான் நல்லா சுத்துது.