உயிரிப்படல பாக்டீரியா எல்லா நச்சையும் அழித்துவிடுமா?

உயிரிப்படலம் உருவாக்கும் பாக்டீரியாவை மாசுபட்ட நீரில் கலந்தால் ஈயம், பாதரசம் உட்பட எல்லா நச்சும் ஒரே நாளில் மறைந்துவிடும் என்று பரவும் செய்தி தவறானது. தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக ஒட்டி வாழ்வதால், இந்த நுண்ணுயிரிகள் தனித்து மிதப்பவற்றைவிட நச்சை நன்றாகத் தாங்கி, பீனால், டீசல் போன்ற கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஈயமும் பாதரசமும் தனிமங்கள். எந்த உயிரியாலும் அவற்றைச் சிதைக்க முடியாது, படலத்தில் பிடித்துவைக்கவோ வேதிவடிவத்தை மாற்றவோ மட்டுமே முடியும்.

கரிம நச்சிலும் அவசரம் செல்லாது. நிலத்தடி நீரில் கலந்த ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற குளோரின் அடங்கிய தொழிற்சாலைக் கரைப்பானிலிருந்து, ஆக்சிஜனற்ற சூழலில், டிஹாலோகாக்காய்டிஸ் வகை பாக்டீரியா குளோரினை ஒவ்வொன்றாக நீக்கி எத்திலீனாக மாற்றப் பெரும்பாலும் மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகளே ஆகின்றன. வேலை பாதியில் நின்றால் புற்றுநோயை உண்டாக்கும் வினைல் குளோரைடு எஞ்சக்கூடும். பரவும் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.